பிளாஸ்டிக் துருப்பிடிக்குமா? புது வண்டிக்காரர்களே, உப்புத்தாளைக் கீழே போடுங்கள்!

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் ஒரு தகராறு தவறாமல் நடக்கிறது.

இடம்: வண்டி விற்கும் ஷோரூம் வாசல்.

ஆட்கள்: ஆயுத பூஜைக்கோ தீபாவளிக்கோ புது வண்டி எடுத்த ஒரு வாலிபர். துணைக்கு வந்த மச்சான். எதிரே, கழுத்தில் அட்டை மாட்டிய விற்பனை ஊழியர்.

"வண்டிக்குப் போட்ட மாலையே இன்னும் காயல. அதுக்குள்ள டேங்க் மேல துரு! பழைய வண்டிய பாலிஷ் அடிச்சு எங்க தலையில கட்டிட்டீங்களா?" என்று மச்சான் குரல் உயர்கிறது.

"வண்டிய எங்க நிறுத்துறீங்களோ சார்... மரக்காணம் உப்புக்காத்து இது. இதுக்கெல்லாம் கம்பெனி பொறுப்பு ஏத்துக்காது" என்று ஊழியர் கையை விரிக்கிறார்.

நாலு பேர் கூடுகிறார்கள். அந்த நாலில் ஒருவர் கட்டாயம் யோசனை சொல்வார்: "ஒண்ணுமில்ல தம்பி. நைஸ் உப்புத்தாள் ஒண்ணு வாங்கி, தண்ணி தொட்டுத் தேச்சு விடு. போயிடும்."

போய்விடும்தான். புள்ளியோடு பெயிண்டும் போய்விடும்!

மாதத் தவணையில் வண்டி எடுத்தவன் வயிற்றெரிச்சல் நியாயமானது. முதல் தவணை கட்டும் முன்பே வண்டி துருப்பிடித்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் கோபத்தில் கையில் எடுக்கும் உப்புத்தாள்தான் உண்மையான நஷ்டத்தைக் கொண்டுவருகிறது. மச்சான் சொன்னதும் சரியில்லை. ஊழியர் சொன்னதும் சரியில்லை. யோசனை சொன்ன பெரியவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பம்பரைப் பாருங்கள்

சண்டையை ஆரம்பிக்கும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

புள்ளி ஊசிமுனை அளவில் இருக்கும். செம்பழுப்பு நிறம். சிலவற்றைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம் தெரியும். வெள்ளை வண்டியில் பளிச்சென்று கண்ணில் படும். கறுப்பு வண்டியிலும் இருக்கும். கண்ணுக்குத்தான் தெரியாது. அதனால்தான் இந்தத் தகராறில் வெள்ளை வண்டிக்காரர்களே அதிகம் மாட்டுகிறார்கள்.

இப்போது வண்டியின் பிளாஸ்டிக் பாகங்களைப் பாருங்கள். காராக இருந்தால் பம்பர். இன்றைய கார்கள் எல்லாவற்றிலும் அநேகமாக பம்பர் பிளாஸ்டிக்தான். ஸ்கூட்டராக இருந்தால் மட்கார்டு, பக்கவாட்டு மூடி என்று ஏதாவது ஒன்று பிளாஸ்டிக்கில் இருக்கும்.

அங்கேயும் அதே செம்பழுப்புப் புள்ளி இருக்கிறதா?

பிளாஸ்டிக் துருப்பிடிக்குமா, ஐயா?

பிடிக்காது. அப்படியானால் துருப்பிடித்தது உங்கள் வண்டி அல்ல. எங்கிருந்தோ வந்து உங்கள் வண்டி மேல் உட்கார்ந்த இரும்புத் தூள். அந்தத் தூள்தான் துருப்பிடித்திருக்கிறது. அடியில் உள்ள தகடு பத்திரமாக இருக்கிறது.

இன்னொரு அடையாளமும் உண்டு. வானத்தைப் பார்த்து இருக்கும் இடங்களில்தான் இந்தப் புள்ளி அதிகம் இருக்கும். டேங்க் மேல்புறம், பானெட், கூரை. செங்குத்தான பக்கங்களில் குறைவு. மேலிருந்து விழும் தூள் அப்படித்தான் உட்காரும்.

தகடு தானாகத் துருப்பிடித்தால் கதை வேறு. அது ஓரத்தில் ஆரம்பிக்கும். வெல்டிங் இணைப்பில், மட்கார்டு அடியில், கல்லடி பட்ட இடத்தில் ஆரம்பிக்கும். பெயிண்ட் கொப்பளித்துக்கொண்டு வரும். கொப்பளத்தை அழுத்தினால் உடையும். புது வண்டியில் அப்படி ஒன்று இருந்தால் ஒரு அடி கூடப் பின்வாங்காதீர்கள். அது கம்பெனியின் குறை.

ஐந்து திசை ரயில்

சரி, இந்த இரும்புத் தூள் எங்கிருந்து வருகிறது?

விழுப்புரம்காரர்கள் இதற்கு ரொம்ப தூரம் தேட வேண்டாம். விழுப்புரம் ஜங்ஷனில் ஐந்து திசைக்கு ரயில் பிரிகிறது. சென்னை, திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழியாக காட்பாடி. வருகிற ரயில் எல்லாம் பிரேக் போட்டுத்தான் நிற்கிறது. பிரேக் போடும்போது கட்டை சக்கரத்தைக் கவ்வுகிறது. சக்கரம் தண்டவாளத்தில் உரசுகிறது. இரும்பு தேய்கிறது. தேய்ந்த இரும்பு எங்கே போகும்? தூளாகப் பறக்கும்.

முன்பெல்லாம் பிரேக் கட்டையே வார்ப்பிரும்பு. இப்போது கலவைக் கட்டை வந்துவிட்டது. புதிய எல்.எச்.பி. பெட்டிகளுக்கு டிஸ்க் பிரேக். ஆகவே பழைய அளவுக்குத் தூள் இல்லை. ஆனாலும் சக்கரமும் எஃகு, தண்டவாளமும் எஃகு. இரண்டும் உரசிக்கொண்டேதான் இருக்கின்றன.

தண்டவாளத்துக்குப் பக்கத்தில் திறந்த வெளி வண்டி ஸ்டாண்டில் காலையில் விட்டு, இரவு வந்து எடுக்கிற குமாஸ்தா வண்டியை நினைத்துப் பாருங்கள். தினம் 12 மணி நேரம். வாரம் 6 நாள்.

அமெரிக்காவில் இதற்கு 'ரயில் தூசி' என்றே பெயர். அங்கே தொழிற்சாலையிலிருந்து கார்கள் ரயிலில் ஏறி ஊர் ஊராகப் போகும். போய் இறங்கும்போதே மேலெல்லாம் செம்புள்ளி. வாங்கியவர்கள் கம்பெனியைப் பிடித்து உலுக்கினார்கள். "இது பெயிண்ட் குறை அல்ல, மேலே ஒட்டிய இரும்பு. சுரண்டாதே, கரைத்து எடு" என்று கார் கம்பெனிகள் தங்கள் மெக்கானிக்குகளுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டி வந்தது.

நம் நாட்டிலும் கார்கள் ரயிலேறுகின்றன. காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத் நிலையத்திலிருந்து வடக்கே கார்கள் போகின்றன. குஜராத் ஹன்சல்பூரில் மாருதி ஆலைக்கு உள்ளேயே 2024-ல் ரயில் பாதை போட்டுவிட்டார்கள். ஆனால் ஓசூரிலிருந்தும் ஒரகடத்திலிருந்தும் நம்மூருக்கு பைக்குகள் வருவது பெரும்பாலும் லாரியில். ஆகவே நம் புள்ளி பெரும்பாலும் வந்த இடத்தில் விழுந்ததுதான்.

இதைப் படித்துவிட்டு ஷோரூம்காரர்கள் மீசையை முறுக்க வேண்டாம். பண்டிகைக்கு முன்பே வண்டிகளை இறக்கி, வாரக்கணக்கில் வெட்டவெளியில் வரிசையாக நிறுத்தி வைக்கிற கடைகள் உண்டு. அந்த இடத்துக்குப் பக்கத்தில் பட்டறை இருந்தால்? தூள் விழுந்தது உங்கள் கணக்கில்தான்.

பட்டறைப் பொறி

என்னைக் கேட்டால் ரயிலைவிடப் பெரிய ஆள் கிரில் பட்டறைதான்.

திண்டிவனம் நாலு பக்கமும் சாலை பிரிகிற ஊர். சென்னை, விழுப்புரம், புதுச்சேரி, திருவண்ணாமலை, மரக்காணம். லாரி போகிற ஊரில் வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமா? வீடு கட்டுகிற ஊரில் கிரில் பட்டறைக்குப் பஞ்சமா? அந்தப் பட்டறைகளில் பாதி வேலை உள்ளே நடப்பதில்லை. ரோட்டு ஓரத்தில் நடக்கிறது.

கிரைண்டிங் மிஷினை இரும்பில் வைத்ததும் மத்தாப்பூ மாதிரி பொறி பறக்கிறதே, அது என்ன? வெறும் வெளிச்சமா? இல்லை. ஒவ்வொரு பொறியும் எரிந்துகொண்டே பறக்கும் ஒரு இரும்புத் துணுக்கு. சில மீட்டர் தூரம் பறக்கும். காற்று அடித்தால் இன்னும் போகும். சூடு ஆறும் முன் வண்டி மேல் விழுந்தால் பெயிண்டின் மேல்பூச்சை உருக்கிக்கொண்டு உள்ளே குந்திவிடும். பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அசையாது. ரயில் தூசி குளிர்ந்து வந்து உட்காருகிறது. பட்டறைப் பொறி சூடாக வந்து பதிகிறது. அதனால்தான் இதை எடுப்பது கஷ்டம்.

எதிர்ப்பக்கக் கடையில் டீ குடிக்கிற நேரம் போதும். வண்டி வேலை முடிந்துவிடும்.

பட்டறைக்காரரைக் குற்றவாளி ஆக்க நான் வரவில்லை. அவருக்கும் வயிற்றுப்பிழைப்பு. உள்ளே இடம் இல்லை. நீளமான கம்பியை வைக்க ரோடுதான் வசதி. ஆனால் ஒரு தகரத் தட்டி வைப்பது பெரிய காரியமா? ஈரச் சாக்கைத் தொங்கவிட்டால் கூடப் பாதிப் பொறி நிற்குமே! தொழில் உரிமம் கொடுக்கிற நகராட்சி, தட்டி இருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தால் என்ன? பொறி வண்டி மேல் மட்டுமா விழுகிறது? நடந்து போகிற பிள்ளைகள் கண்ணிலும்தான் விழுகிறது.

மழை வந்தால் தெரியும்

ஐப்பசியில் ஏன் இந்தத் தகராறு என்பதற்கும் காரணம் உண்டு.

வெயில் காலத்தில் விழுந்த இரும்புத் தூள் சும்மா கிடக்கும். சாம்பல் நிறத்தில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஈரம் பட்டால்தான் இரும்பு சிவக்கும். நாம் வண்டி எடுப்பது ஆயுத பூஜைக்கு, தீபாவளிக்கு. வடகிழக்குப் பருவமழை ஆரம்பிப்பதும் அதே சமயம். வண்டி வந்து மூன்றாம் வாரம் மழை. நான்காம் வாரம் புள்ளி. "கம்பெனி பெயிண்டே சரியில்ல" என்ற முடிவுக்கு வர வேறென்ன வேண்டும்?

2024 நவம்பர் 30-ந்தேதி இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் உயரத்துக்கு மழை கொட்டியது. அப்படி ஊறிய பிறகு எந்த இரும்புத் தூள் சிவக்காமல் இருக்கும்?

மரக்காணம் உப்புக்காற்றுக்கும் இதில் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். துருவை வேகப்படுத்தும். ஆனால் காற்றில் வந்த உப்பு, புதுப் பெயிண்ட் மேல் இரும்பைப் படைக்காது. இரும்பு இருந்தால்தான் உப்புக்கு வேலை. ஷோரூம் ஊழியர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"வெளித்தூசிதானே, கிடக்கட்டும்" என்று விடலாமா? கூடாது. துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். பதிந்த துணுக்கு துருப்பிடித்து ஊதும். ஊதினால் மேல்பூச்சு கீறும். அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் இறங்கினால், ஒரு நாள் அது தகட்டையே தொடும். இன்று வெளித்துரு, நாளை உள்துரு.

ஒரு வெள்ளைத்தாள் கனம்

உப்புத்தாள் ஏன் கூடாது என்கிறேன் தெரியுமா?

தொழிற்சாலையில் வண்டித் தகட்டை முதலில் ரசாயனத் தொட்டியில் முக்குகிறார்கள். பிறகு மின்சாரம் பாய்ச்சி ஒரு பூச்சு. அதன்மேல் பிரைமர். அதன்மேல் நிறம். கடைசியில் கண்ணாடி மாதிரி ஒரு மேல்பூச்சு. இத்தனையும் சேர்ந்து சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஆபீசில் நாம் மனு எழுதுகிற வெள்ளைத்தாள் ஒன்றின் கனம்! கண்ணாடி மேல்பூச்சு அதில் பாதிகூட இல்லை. வெயிலையும் மழையையும் தாங்குவது அந்த மேல்பூச்சுதான். உப்புத்தாளை நாலு தேய் தேய்த்தால் அது காலி. பிறகு அந்த இடம் வெளுக்கும். ரீபெயிண்ட் அடிக்க வேண்டும். ரீபெயிண்ட் அடித்த வண்டியை விற்கப் போனால், "எங்க கீழ போட்டீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. விலை இறங்கிவிடும்.

மிஷின் வைத்து பாலிஷ் அடிக்கிற மெக்கானிக்குகள் இன்னொரு ரகம். அடித்ததும் பளபளக்கும். புள்ளியின் தலை வெட்டப்பட்டுவிடும். வேர் உள்ளே இருக்கும். அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே புள்ளி.

வண்டியின் அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புக் கோட்டிங் அடிக்கச் சொல்லி பில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். புள்ளி மேலே, கோட்டிங் கீழே. தலைவலிக்குக் காலில் கட்டு!

எடுக்கும் முறை

முதலில் நிழலில் நிறுத்தி வண்டியை ஆற விடுங்கள். சூடான தகட்டில் எதையும் செய்யக் கூடாது. நிறையத் தண்ணீர் ஊற்றி, வண்டி ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். புழுதி போகாமல் துடைத்தால் புழுதியே உப்புத்தாள் ஆகிவிடும்.

பிறகு கையில் ஒரு மெல்லிய பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு டேங்க் மேல் தடவுங்கள். வெறுங்கைக்கு வழவழ என்று தெரிந்தது, பை வழியாக நறநற என்று தெரியும். அந்த நறநறதான் இரும்பு.

அதைக் கரைக்க ஒரு திரவம் விற்கிறார்கள். 'அயர்ன் ரிமூவர்' என்று கேட்டால் கார் சாமான் கடையில் கொடுப்பார்கள். சில நூறு ரூபாய். தெளித்து சில நிமிஷம் விட்டால், இரும்பு இருக்கிற இடமெல்லாம் ஊதா நிறத்தில் கண்ணீர் வடிக்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். முகர்ந்தால் வேடிக்கையாக இருக்காது, அழுகின முட்டை நாற்றம். அழகு நிலையங்களில் முடியைச் சுருட்ட விடும் மருந்தும் இதே ஜாதிதான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காய விடாமல் கழுவிவிடுங்கள். பிடிவாதமான புள்ளிக்கு இன்னொரு தடவை தெளிக்கலாம்.

அதற்கும் அசையாததற்கு 'கிளே பார்' என்று ஒரு களிமண் கட்டி இருக்கிறது. ஜப்பான்காரர்கள் கொண்டுவந்த சரக்கு. 1990-களில் உலகமெல்லாம் பரவியது. ஷாம்பு தண்ணீரைத் தாராளமாக விட்டு, கட்டியைத் தட்டையாக்கி, அழுத்தாமல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். துணுக்குகளைக் கட்டி பிடுங்கிக்கொள்ளும். அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துக்கொள்ளுங்கள். கீழே மண்ணில் விழுந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள், காசைப் பார்க்காதீர்கள். முடிந்ததும் ஒரு கோட் வேக்ஸ்.

மேட் பெயிண்ட் வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் கட்டியையும் வேக்ஸையும் தொட வேண்டாம். திட்டுத் திட்டாகப் பளபளத்து அசிங்கமாகிவிடும். அவர்களுக்குத் திரவம் மட்டும். அதையும் மறைவான ஒரு இடத்தில் சோதித்துப் பார்த்த பிறகு.

புளி, எலுமிச்சை, டூத் பேஸ்ட், மண்ணெண்ணெய், கக்கூஸ் கழுவும் ஆசிட் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். புளி குத்துவிளக்குக்குச் சரி. டூத் பேஸ்ட் தேய்ப்பதும் ஒரு வகை உப்புத்தாள்தான். மண்ணெண்ணெய் தாரைக் கரைக்கும், இரும்பைக் கரைக்காது. ஆசிட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

யார் தலையில்?

வைத்தியம் சொல்லியாயிற்று. இப்போது செலவு யாருடையது?

வாரண்டி புத்தகத்தைப் புரட்டினால், வெளியிலிருந்து விழும் தூசி, ரசாயனம், பறவை எச்சம் ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை என்று பெரும்பாலும் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வண்டி உங்கள் கைக்கு வந்த பிறகு விழுந்த தூளுக்கு அது சரி. வருவதற்கு முன்பே விழுந்திருந்தால்? அதற்கு அந்தப் பொடி எழுத்து மட்டும் பதில் ஆகிவிடாது. குறையோடு கொடுத்த சரக்கு, குறையுள்ள சரக்குதான்.

2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ள புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தால் என்ன? திண்டிவனத்துக்காரர் விழுப்புரத்தில் போடலாம். வண்டிக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கோர்ட் கட்டணம் இல்லை. 2 வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம்.

ஆனால் ஊசிமுனைப் புள்ளிக்குக் கோர்ட் படி ஏற வேண்டுமா? என் கருத்து இது: முதல் இலவச சர்வீசுக்கு வரும் வண்டியில் இந்தப் புள்ளி இருந்தால், எடுத்துக் கொடுக்கும் வேலையை ஷோரூம் செய்யட்டும். ஒரு பாட்டில் திரவம் பல வண்டிக்கு வரும். அரை மணி நேர வேலை. வாசலில் நடக்கிற சண்டையால் கெடுகிற பேரோடு ஒப்பிட்டால் ரொம்ப மலிவு.

வண்டி ஸ்டாண்டுகளுக்கும் ஒரு வார்த்தை. தினம் டோக்கன் போட்டுக் காசு வாங்குகிறீர்கள். பலகையில் மட்டும் "வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில்" என்று எழுதுகிறீர்கள். தலைக்கு மேல் ஒரு கூரை கூடக் கிடையாது. மாதப் பாஸ் வாங்குகிறவர் வண்டிக்காவது தகரக் கூரை போடக் கூடாதா? ரயில்வே இடத்துக்கு டெண்டர் விடும்போதே, கூரை கட்டாயம் என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்துபோகிற சமாச்சாரம்.

"தூசிக்கெல்லாம் யாரைப் பொறுப்பாக்குவது?" என்று சிரிக்கிறவர்களுக்குச் சென்னைத் துறைமுகத்தை ஞாபகப்படுத்துகிறேன். அங்கே கார்கள் கப்பல் ஏறுகின்றன. அதே துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறங்கி ஏறின. வடசென்னை மக்கள் வீட்டில் தூசி. துணியில் தூசி. நெஞ்சில் தூசி. 2011 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், அக்டோபர் 1 முதல் அந்தச் சரக்குகளை அங்கே கையாளக் கூடாது என்று உத்தரவு போட்டது. அத்தனை பெரிய துறைமுகத்தின் தூசிக்குப் பொறுப்பாளி கிடைத்தபோது, ஒரு ஸ்டாண்டுக்கும் ஒரு பட்டறைக்கும் கிடைக்க மாட்டாரா?

அடுத்த ஆயுத பூஜைக்கு வண்டி எடுக்கப் போகிறவர்கள் பையில் ஒரு பாலிதீன் கவரைப் போட்டுக்கொண்டு போங்கள். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைக்கும் முன், பகல் வெளிச்சத்தில், டேங்கையும் பானெட்டையும் ஒரு தடவு தடவிப் பாருங்கள். நறநற என்றால் அங்கேயே செல்போனில் படம் எடுத்து, டெலிவரி காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு.